ஆறு கண்ணாடிக் குழாயும் ஒரு கார்புரேட்டரும்

வாழ்நாள் முழுவதும் டீசல் பம்ப் சரிசெய்து சோறு தின்ற ஒருவன், ஓய்வுபெற்ற பிறகு, ஒரு வாரம் மெனக்கெட்டு "இனி இது நிக்காது" என்று தானே சான்றளித்த மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்தபடி, கரும்பு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டிராக்டர் டிரெய்லரில் மோகனூர் ரோட்டிலிருந்து நாமக்கல் வந்து சேர்ந்தான். அந்த ஒருவன் நான்தான். படர்க்கையில் சொன்னால் வலி குறையுமோ என்று பார்த்தேன், குறையவில்லை.

வண்டியைப் படுக்கவைத்தால் பெட்ரோல் ஒழுகும். அதனால் டிரெய்லரில் அதை நிற்கவைத்துக் கயிறு கட்டி, சாயாமல் இருக்க நான் மேலே ஏறி உட்கார வேண்டியதாயிற்று. பக்கத்தில் கரும்புச் சோகையின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் வண்டியின் சொந்தக்காரரும் என் தங்கை கணவருமான தங்கவேல். வழியெல்லாம் ஜனங்கள், சாமி ஊர்வலத்துக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி நின்றார்கள். ஒரு டீக்கடையில் ஒருவர் கும்பிடவே செய்தார். பழக்கதோஷம்தான், என்மேல் தப்பான அபிப்பிராயம் ஒன்றும் இருந்திருக்காது.

வண்டியை ஏற்றும்போது டிராக்டர் டிரைவர் குனிந்து எஞ்சினைப் பார்த்தார்.

"பெரிய வண்டிங்களே சாமி. இதென்னுங்க, ரெண்டு கார்புரேட்டரா?"

"ஆமாங்க. இங்கிலீஷ்காரன் வண்டி. சிலிண்டருக்கு ஒண்ணு."

"ரெண்டுமே போச்சுங்களா?"

"ஒண்ணுதான் மக்கர் பண்ணுது."

"அப்ப இன்னொண்ணுல வந்திருக்கலாமுங்களே?"

"அப்படி வர முடியாதுங்க. ஒண்ணு கெட்டா ரெண்டும் கெட்ட மாதிரிதான்."

"அப்பொறம் எதுக்குங்க ரெண்டு?"

நான் கயிற்றின் முடிச்சைச் சரிபார்ப்பதில் மும்முரமானேன்.

இப்படியொரு முட்டாள்தனத்துக்கு ஒருவன் தகுதி பெற எத்தனை வருடப் பயிற்சி வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த நாமக்கல் பட்டறையில் இப்போது பம்ப் ரூம் கிடையாது. புது லாரிகளில் லேப்டாப்பைச் செருகினால், எந்தச் சிலிண்டருக்கு என்ன வியாதி என்று அதுவே சொல்லிவிடுகிறது. இதற்காக நான் கண்ணீர் விடுவேன் என்று அங்கே இப்போது இருக்கும் பையன்கள் எதிர்பார்க்கிறார்கள். விடமாட்டேன். டீசலில் ஊறி வெந்த என் விரல்களைக் கேட்டால், லேப்டாப் இன்னும் சீக்கிரமே வந்திருக்கலாம் என்றுதான் சொல்லும். ஆனாலும் "லேப்டாப் இல்லாம எப்படிங்க செட் பண்ணுனீங்க?" என்று அவர்கள் கேட்டார்கள். ஓய்வுபெற்றவனிடம் கேள்வி கேட்பதன் ஆபத்து அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஐ.டி.ஐ. முடித்தேன். பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பாகங்களைக் கழுவினேன். பயிற்சிக்காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கழுவியவை சுத்தமாக இருந்தன.

பிறகு பம்ப் ரூமுக்குள் விட்டார்கள். அதற்குள் செருப்புப் போடக்கூடாது, மின்விசிறி கிடையாது, ஒரு தூசிகூடப் பறக்கக்கூடாது. சித்திரை வெயிலில் அங்கே நின்றவனுக்கு நரகத்தைப் பற்றிய பயம் போய்விடும். லாரி எஞ்சினில் ஆறு சிலிண்டர் என்றால் ஆறுக்கும் பம்ப் ஒரே அளவு டீசல் அனுப்ப வேண்டும். அந்தப் பம்ப்பைக் கழற்றி வந்து எங்கள் பெஞ்சில் பூட்டிச் சுழலவிடுவோம். ஆறு நாசிலிலிருந்தும் டீசல் பீய்ச்சி, ஆறு கண்ணாடிக் குழாய்களில் விழும். நிறுத்திவிட்டுக் குனிந்து, கண்ணைக் குழாயின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஆறும் ஒரே கோட்டில் நின்றால் அது ஒரு அழகு. அதற்குப் பிறகு எனக்கு வேறு அழகுகளின் மேல் நாட்டம் குறைந்துவிட்டதாக என் மனைவி சொல்வாள். கல்யாண வீட்டில் பாயசம் ஊற்றினால்கூட நான் குனிந்து டம்ளர்களின் மட்டத்தைப் பார்ப்பேன். உலகத்தில் எந்த இரண்டு பொருளையும் சமமாக்கிவிடலாம், திருகத்தான் தெரிய வேண்டும் என்ற மூடநம்பிக்கை எனக்கு வந்தது அந்த அறையில்தான்.

அந்த அறையின் அதிபதி ஆறுமுகம் மேஸ்திரி. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அதனால் அவர் பேச்சில் எங்கள் ஊர் 'ங்க' இருக்காது. கோடீஸ்வர லாரி முதலாளியிடமும் "நாளைக்கு வா, தரேன்" என்பார். முதலில் கோபித்தவர்கள், பிறகு அவர் வாயால் அப்படிக் கேட்காவிட்டால் பம்ப் சரியாகியிருக்காது என்று நம்ப ஆரம்பித்தார்கள்.

காலையில் வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை எடுத்து பெஞ்சின் மேல் வைப்பது. குமிழி நடுவில் நிற்கும்வரை வேறு எதையும் தொடமாட்டார். நேற்று நேராக இருந்த பெஞ்ச் ராத்திரியில் எங்கே சாயப்போகிறது என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பம்ப்பின் சத்தத்தைக் கேட்பார். யாரையும் திட்டியதில்லை. அவருக்குத் திட்டுவதற்குப் பதிலாக ஒரு சட்டம் இருந்தது: "கை வெச்சவன் ஏறு." பம்ப்பை யார் செட் பண்ணினானோ அவன்தான் அந்த லாரியின் வெள்ளோட்டத்தில் கேபினில் உட்கார வேண்டும்.

ஒருமுறை ஒரு பம்ப்பில் ஐந்து குழாய் சரியாக நின்றது, ஆறாவது மட்டும் குறைவு. எவ்வளவு திருகியும் ஏறவில்லை. உள்ளே தேய்மானம்; மாற்றுப் பாகம் அன்றைக்குக் கையில் இல்லை. எனக்கு ஒரு யோசனை உதித்தது. ஆறாவதை ஏற்ற முடியாவிட்டால் என்ன, மற்ற ஐந்தையும் இறக்கிவிட்டேன். ஆறும் நூல் பிடித்ததுபோல நின்றன.

மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். "அழகா இருக்கு தம்பி" என்றார். "கை வெச்சவன் ஏறு." வழக்கத்துக்கு மாறாக அவரும் ஏறிக்கொண்டார்.

ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய அந்த லாரி தொப்பூர் கணவாய் ஏறும்போது, எங்களை முதலில் பஸ்கள் தாண்டின. பிறகு மற்ற லாரிகள். பிறகு ஒரு மொபெட், பின்னால் வைக்கோல் கட்டுடன். கடைசியாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்களோடு கொஞ்சதூரம் பேசிக்கொண்டு வந்தார். அவருக்கு அவசரம் போல, முன்னால் போய்விட்டார். மேஸ்திரி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"தம்பி, ஆறும் சமமாத்தானே இருக்கு?"

"ஆமாங்க மேஸ்திரி."

"அதான் பார்த்தேன். ஆறும் சமமாக் களைச்சுப் போயிருக்கு."

அவ்வளவுதான். திரும்பி வந்ததும் மாற்றுப் பாகத்துக்கு ஆள் அனுப்பினார். அதற்கப்புறம் அந்த விஷயத்தை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சீக்கிரம் மறந்திருப்பேன்.

இனி மோட்டார் சைக்கிள். தங்கவேல் திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் ரிக் வைத்திருந்தவர். வருடத்தில் பாதிக்குமேல் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். அப்படிப் போன இடத்தில், ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோதுமை மூட்டைகளுக்கு நடுவே இந்த வண்டியைப் பார்த்து, ஆசைப்பட்டு வாங்கி, ரிக் குழாய்களோடு சேர்த்து லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். சில வருடம் கழித்து, வேலையிடத்தில் ஒரு குழாய் சரிந்து அவருடைய வலது முழங்காலில் விழுந்தது. ரிக்கைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நாமக்கல்லில் எனக்கு அடுத்த தெருவில் வீடு கட்டி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும். டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போன் வந்தால் எடுப்பதில்லை. சவரம் செய்துகொள்வதில்லை. வண்டி கிளம்பும் நாட்களில் மட்டும் முகத்தை மழித்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வருவார்.

வண்டி கிளம்பும் நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது கார்புரேட்டர். இதில் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு ஊட்டினால்தான் எஞ்சின் ஒழுங்காக ஓடும். இல்லாவிட்டால் உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய முழங்கால் இரண்டு மூன்று உதை தாங்கும். அதற்குமேல் போனால் அன்றைக்கு முழுதும் கால் வீங்கிக் கிடக்கும்.

இரண்டு பொருளைச் சமமாக்க வேண்டும் என்றதும் நான் எப்படிப் பாய்ந்திருப்பேன் என்று வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். ஆறைப் பார்த்தவனுக்கு இரண்டு எம்மாத்திரம்! ஒரு வாரம் அந்த வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றி வைத்து டாக்டர்போல் கேட்டேன். இரண்டிலும் ஒரே இரைச்சல் வந்தது. சான்றளித்தேன். "கை வெச்சவன் ஏறு" சட்டப்படி நானே ஓட்டினேன், மாப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து. மோகனூர் போகும்வரை தேவலோகத்து வாகனம். திரும்பும்போது எஞ்சின் சூடேறியதும் ஒன்று நன்றாக ஊட்டியது, மற்றது மூச்சுத் திணறியது. பாதி வழியில் நின்றது. இரண்டு கார்புரேட்டரும் உள்ளே தேய்ந்திருந்தன. அதிலும் ஒரே அளவு தேயவில்லை. மிச்சம்தான் டிரெய்லர்.

அன்று சாயங்காலம் என் தங்கை பூங்கொடி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு டம்ளரிலும் மட்டம் வேறாக இருந்தது. வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அண்ணா, கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தரு பழைய வண்டியெல்லாம் சேத்து வெக்கறவரு, மூணு தடவ போன் பண்ணிப்போட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லிப்போடறேன்."

"அம்மிணி, சித்த பொறு. புதுசா ரெண்டு கார்புரேட்டர் வாங்கிப் போட்டா..."

"போட்டா? மறுக்கா மறுக்கா நீங்க வந்து குத்தவெச்சுத் திருகோணும். இவரால குத்தவெக்க முடியுமா?"

தங்கவேல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி அணைந்திருந்தது.

"ஓடாத வண்டியையும் ஓடாத ஆளையும் ஒரே ஊட்டுல வெச்சுப் பாக்க என்னால முடியாதுங்ண்ணா," என்றாள் பூங்கொடி, குரலைத் தாழ்த்தாமல். "ஞாயித்துக்கெழம காலைல இவரு என்னைய மோகனூர் கூட்டிட்டுப் போயி, அங்க ஆஃப் பண்ணி, மறுபடி ஒரே ஒதைல கெளப்பட்டும். கெளம்புச்சுன்னா வண்டி இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா அந்தக் கோயமுத்தூர்க்காரரு வந்து ஏத்திட்டுப் போகட்டும்."

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இதே எஞ்சினை அந்தக் கம்பெனிக்காரனே ஒற்றைக் கார்புரேட்டர் போட்டும் விற்றிருக்கிறான். வேகம் வேண்டியவனுக்கு இரண்டு. வேலைக்குப் போகிறவனுக்கு ஒன்று. இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கினாலும், உறிஞ்சுவது முறைவைத்துத்தான். ஒரு தெருக்குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் குடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பிடிப்பதுபோல. ஒருவர் பிடிக்கும்போது மற்றவர் காத்திருக்கிறார். பிறகு எதற்கு இரண்டு குழாய்? டிராக்டர்காரர் கேட்டதுதான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் சமமாக்க எதுவுமே இருக்காது. சமமாக்க எதுவுமில்லாத எஞ்சினில் எனக்கு என்ன வேலை? அதனால்தான் அந்த யோசனையை நான் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. சமமாகக் களைத்துப்போன லாரி ஞாபகம் வந்ததும் வெட்கமாகிவிட்டது.

"மாப்ள, ஒத்தைக் கார்புரேட்டரா மாத்திப்போடலாமுங்களா?"

அவர் முதல் தடவையாகத் திரும்பினார். "வேகம் கொறையுமுங்களா மச்சான்?"

"உச்ச வேகம் கொஞ்சம் கொறையும்."

"இந்த மொழங்கால வெச்சுட்டு எங்க பறக்கப் போறேனுங்க. மாத்துங்க."

கோயமுத்தூர்க்காரரிடம் நானே போனில் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "அப்பிடிப் பண்ணீங்கன்னா அது அந்த வண்டியே இல்லீங்க!" என்றார். பழைய இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தோம். வேண்டுமானால் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம். அவசரப்பட்டு எதையும் வெட்டவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஒரு கார்புரேட்டரை இரண்டு சிலிண்டரோடு இணைக்க, உண்டிவில் கவட்டைபோல இரண்டு கையாகப் பிரியும் ஓர் அலுமினியக் குழாய் வேண்டும். லாரி பாடி கட்டும் இடத்தில் ஆர்கான் வெல்டிங் போடும் ராஜாமணி அதைச் செய்துகொடுத்தார். குழாயின் முகம் எஞ்சினோடு ஒட்டும் இடம் கண்ணாடிபோலத் தட்டையாக இருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்றை இழுத்துவிடும். தடித்த கண்ணாடிப் பலகையில் எமரித்தாளை ஒட்டி, அதன்மேல் முகத்தை வைத்து எட்டுப் போடுவதுபோல் தேய்க்க வேண்டும். குத்தவைக்கத் தேவையில்லாத வேலை. தங்கவேல் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பலகையை வைத்துக்கொண்டார். பாறையைத் துளைத்தவரின் பொறுமை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தேய்த்துக்கொண்டே, முந்நூறு அடியில் வராத தண்ணீர் கடைசிக் குழாயில் பீறிட்ட கதையைச் சொன்னார். அவர் கதை சொல்லிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. உள்ளே பூங்கொடி, தான் பார்த்துக்கொண்டிருந்த டிவி சீரியலின் சத்தத்தைக் குறைத்தாள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பட்டறையில் பெஞ்சைப் பழைய இரும்புக்குப் போட்டபோது ஞாபகத்துக்காக எடுத்துவந்த இரண்டு கண்ணாடிக் குழாய்கள் வீட்டில் இருந்தன. கை சும்மா இருக்கவில்லை. பூங்கொடி வீட்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கவட்டைக் குழாயைத் தலைகீழாகப் பூட்டி, மேலே தண்ணீர் ஊற்றினேன். இரண்டு கையிலும் எவ்வளவு வருகிறது என்று கீழே கண்ணாடிக் குழாயில் பிடித்தேன். இடது பக்கம் அதிகம். வலது கையின் உட்புறத்தை அரத்தால் ராவினேன். மறுபடி ஊற்றினேன். இடது பக்கம்தான் அதிகம். மறுபடி ராவினேன். வேறு வேலையே இல்லாமல் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, வாசல் கழுவ வாளியோடு வந்த பூங்கொடி நின்று பார்த்தாள்.

"என்னுங்ண்ணா, அபிஷேகமா?"

"ரெண்டு பக்கமும் சமமா வருதான்னு பாக்கறேன். இடது பக்கமே போகுது."

அவள் வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் முழுதும் இடது பக்கமாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது.

"என் தண்ணியும் அக்கட்டாலதான் போகுது. இதையும் ராவுவீங்களா?"

வாசலே சாய்வு. மழைத்தண்ணி நிற்காமலிருக்கக் கொத்தனார் போட்ட சாய்வு. குமிழி நடுவில் நிற்கும்வரை எதையும் தொடாத மனிதரின் கீழ் அத்தனை வருடம் வேலை பார்த்தவன் நான். தங்கவேல் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவமானத்துக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு என்று எனக்குப் பட்டது.

ராவி ராவிக் குழாயின் வலது கை ரொம்பவே மெலிந்துபோயிருந்தது. மறுபடி ராஜாமணியிடம் போனேன்.

"மொத ஒண்ணு எங்கீங்க? எலி தின்னுருச்சுங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

இரண்டாவது குழாயை நான் தொடவில்லை. தங்கவேலே தேய்த்தார், தங்கவேலே பூட்டினார். சூடு கார்புரேட்டருக்கு ஏறாமலிருக்க நடுவில் ஒரு ஃபைபர் பாக்கிங் வைத்தோம். ஒரே கேபிள், ஒரே திருகாணி. பெட்ரோல் அளவுக்கான ஜெட்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தோம். கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பிளக்கும் காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்தில் வந்தன. இரண்டும் ஒரே நிறம். நான் ஒன்றும் செய்யாமலேயே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கவேல் சவரம் செய்துகொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் பூங்கொடி உள்ளே போய் நல்ல புடவையாக மாற்றிக்கொண்டு வந்தாள். முதல் உதையில் கிளம்பியது. சட்டப்படி நானும் ஏற வேண்டும், ஆனால் இடமில்லை. என் மொபெட்டில் டூல் பெட்டியை வைத்துக்கொண்டு பின்னால் போனேன். முன்னால் போகும் அந்தச் சத்தம் தடுமாறுமா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். தடுமாறவில்லை.

மோகனூரில் ஆற்றுக்குப் போகும் வழியில் நிறுத்தி அணைத்தார். எஞ்சின் சுடச்சுட நின்றது. போனமுறை கதை முடிந்தது இந்தச் சூட்டில்தான். பூங்கொடி கரும்பு ஜூஸ் குடித்து முடிக்கும்வரை வேண்டுமென்றே நேரம் கடத்தினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "ம், ஒதைங்க பாக்கலாம்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரிபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஒரே உதை.

எஞ்சின், ஒன்றுமே நடக்காததுபோல, நிதானமாகப் பேச ஆரம்பித்தது. பூங்கொடி போனை எடுத்து, அங்கேயே நின்று, கோயமுத்தூருக்குப் பேசினாள். "வர வேண்டாமுங்க. வண்டி ஊட்டுக்கு வேணுமுங்க" என்றாள். ஏறி உட்கார்ந்தாள். வீட்டுப் பக்கம் திரும்புவார்கள் என்று நினைத்தேன். தங்கவேல் வண்டியை மறுபக்கம் திருப்பினார்.

"மச்சான், நீங்க ஊட்டுக்குப் போங்க. நாங்க அப்படியே பரமத்தி வேலூர் வரைக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வாரோம்."

"எதுக்குங்க?" என்றாள் பூங்கொடி.

"சும்மாதான்."

சும்மா வெளியே போகிற மனிதரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை சாலையோரத்தில் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு, டூல் பெட்டியோடு, கண்கள் கொஞ்சம் கலங்க நின்றுகொண்டிருந்தேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. என் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. அதே டிரைவர். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மொபெட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"சின்ன வண்டியா மாத்திப்போட்டீங்களா சாமி? நல்லதுங்க," என்றார். "லோடு எறக்கிப்போட்டு வாரேன், இங்கயே நில்லுங்க. இதுன்னா தூக்கி வெக்கறதுக்கு லேசு."